மூன்றாங்கட்டையில் நான்கு சட்டைகள்

கிள்ளான் போகும் சாலையில், அதுதான் கிள்ளான் சடக்கில், மூன்றாவது மைல் கல்லான மூன்றாங்கட்டை ஓரமாக நிற்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. வெயில் இன்னும் ஏறவில்லை. ரப்பர் பால் வடிக்கும் கித்தா மரங்களுக்கு நடுவே பனி கலையாமல் கிடக்கிறது. என் கைகளில் நான்கு சட்டைகள். சைக்கிள் பந்தயத்தில் பறந்துகொண்டிருந்த நான்கு பேர், மிதிப்பதை நிறுத்தாமலே கழற்றி என்மேல் வீசிவிட்டுப் போன சட்டைகள். வேர்வையில் நனைந்து இன்னும் சூடாக இருக்கின்றன.

ஒன்றின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நானே சிவப்பு நூலில் தைத்த எண் இருந்தது. மூன்று.

அடுத்ததைத் திருப்பினேன். மூன்று. அதற்கடுத்ததும் மூன்று. நான்காவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அங்கே மூன்று என்று இருக்கவே கூடாது. ஒன்று என்று இருக்க வேண்டும். "ஐயோ, போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில், என்னை அங்கே ஏற்றிவந்த வண்டி மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

ரயில் கார்டாக இருந்த அப்பாவின் கைவிளக்கைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்திலேயே நீங்கள் சைக்கிள் ஓட்டினீர்களாமே, மெய்தானா?" மெய்தான் அம்மா. அதற்கு இந்த நான்கு சட்டைகள்தான் காரணம்.

பால்காரர் சைக்கிளில் ஒரு வீரர்

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கித்தா விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்று தினம் ஒரு செய்தி வரும். அந்த நேரம் பார்த்து என் அண்ணன் சாலமோனுக்குச் சைக்கிள் பந்தயப் பைத்தியம் பிடித்தது.

அண்ணனோடு சேர்த்து நான்கு பேர். செந்தூல் பட்டறையில் வேலை செய்த இருவர், அப்புறம் கோவிந்தசாமி. இவர் கூட்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. ஆறடி உயரம், முன்மண்டை முழு வழுக்கை, வாயைத் திறந்தால் மூட முடியாது. அவரைத்தான் எல்லாரும் கேப்டன் என்போம்.

குழு இருந்தது. சைக்கிள்தான் இல்லை. அண்ணனிடம் இருந்தது பால்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய வண்டி. இருபக்கமும் பால்கேன் மாட்டும் கொக்கிகள். அதில் அவர் வேகமாகப் போனால் கொக்கிகள் கலகலவென்று ஆடும். வழியில் வீட்டுப் பெண்கள் செம்போடு வெளியே வந்துவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் கிளம்பிக் கிள்ளான் பாலத்தைத் தொட்டுத் திரும்பும் பந்தயம் வந்தது. அதற்கு நல்ல சைக்கிள் வேண்டும், ஒரே மாதிரி உடுப்பு வேண்டும், பயிற்சிக்குத் தீனி வேண்டும். நான்கு பேர் சம்பளத்தையும் கூட்டினால்கூட இரண்டு டயர்தான் தேறும்.

"கொடையாளி புடிப்போம்" என்றார் கேப்டன்.

கேட்பதற்கும் ஒரு கலை உண்டு

இப்போது டிவியில் வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயம் காட்டுகிறார்கள். பனியனில் விரல் வைக்க இடமில்லாமல் கம்பெனிப் பெயர்கள். பேரன் விளக்கம் சொல்ல வருகிறான். போடா, இதெல்லாம் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் பார்த்ததுதான் என்கிறேன்.

கொடையாளி பிடிப்பதில் கேப்டனுக்குச் சில சட்டங்கள் இருந்தன. முதலாளி பசியாறிய பிறகுதான் கடைக்குள் நுழைய வேண்டும். போனதும் சின்னதாக எதையாவது வாங்க வேண்டும். காசு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது, பொருளாகக் கேட்க வேண்டும். கடைசியாக எழுந்து கிளம்பும்போது, "பரவால்ல முதலாளி, எதிர்க்கடைல கேட்டுக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் நூற்றுக்கு நூறு வேலை செய்தது.

தானாக வந்தவர்களும் உண்டு. தெருவோரம் பல் பிடுங்கும் வைத்தியர் ஒருவர் ஆளுக்கு இரண்டு பல் இலவசமாகப் பிடுங்கித் தருவதாகச் சொன்னார். தலைக்குத் தடவும் தைல வியாபாரி ஒருவர் ஆசையோடு வந்தார். கேப்டனின் தலையைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, வானிலை பற்றி விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரையும் விடத் தாராளமாகக் கொடுக்க வந்தவர் சவப்பெட்டி செய்பவர். சைக்கிள், உடுப்பு, சாப்பாடு எல்லாம் தானே தருவதாகச் சொன்னார். முதுகில் தன் கடைப் பெயர் மட்டும் போதுமாம். கேப்டனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"எங்கம்மா என்ன வீட்டுக்குள்ளயே சேக்காது லா" என்று அண்ணன் சொன்னதால் அது நின்றது.

ஒரு முதுகு, மூன்று முதலாளிகள்

கடைசியில் மூன்று பேர் மாட்டினார்கள்.

ஜவுளிக்கடை நல்லதம்பி முதலாளி உடுப்புக்கு வேண்டிய துணி முழுவதையும் தந்தார். கிள்ளானில் சோடாக் கம்பெனி வைத்திருந்த ராவுத்தர் பயிற்சிக் காலம் முழுக்க வாராவாரம் ஒரு பெட்டி சோடா அனுப்பினார். அதைக் குடித்துவிட்டு நால்வரும் ஏப்பம் விட்டுக்கொண்டே ஓட்டுவார்கள், அடுத்த தெருவுக்குக் கேட்கும். முக்கியமானவர் மூன்றாமவர், சைக்கிள் கடைச் சீன முதலாளி ஆ ஹெங் தவுக்கே. நான்கு புதுச் சைக்கிளும், வழியில் எதுவும் பழுதானால் மாற்றிக்கொள்ள ஐந்தாவதாக ஒன்றும் கொடுத்தார். தவுக்கே பேசிய தமிழ் எங்கள் மலாயை விடப் பரவாயில்லை.

அவர் போட்ட நிபந்தனை தெளிவானது. "முடியிற எடம், முதுகிலே என் கடை பேரு. நான் படக்காரன் கூட்டி வரும். படத்திலே என் பேரு இருந்தா, ஒரு வருஷம் சைக்கிள் உங்களுக்கு. இல்லே, திங்கக்கெழமே நான் வந்து எடுத்துக்கும்."

சரி என்று கேப்டன் கைகுலுக்கி வந்தார். வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அதே முதுகை அவர் ஜவுளிக்கடைக்கும் சோடாக் கம்பெனிக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்று.

"ஏன்ணே, நெஞ்சுல ஒண்ணு போடலாம்ல?" என்று கேப்டனிடம் கேட்டேன். சட்டை தைக்கப்போகிறவள் நான்தானே.

"நெஞ்ச யாரு பாப்பா பாக்கறா? குனிஞ்சுல்ல ஓட்டறோம்? முதுகுதான் வேணும்ங்கறாங்க மூணு பேரும்."

நான்கு ஆண்களும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். யோசனை எனக்குத்தான் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஆளுக்கு மூன்று சட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக. கிளம்பும்போது பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் பார்ப்பது ஜவுளிக்கடைப் பெயர். மூன்றாங்கட்டையில் அதை உருவி எறிந்தால் உள்ளே சோடா. அதோடு கிள்ளான் வரை போய்த் திரும்பி, மறுபடி மூன்றாங்கட்டையில் சோடாவையும் உருவினால் உள்ளே தவுக்கே. படம் எடுக்கும்போது தவுக்கே பெயர் பளிச்சென்று இருக்கும்.

பன்னிரண்டு சட்டை தைத்தேன். மெல்லிய மல் துணி. பொத்தான் கிடையாது, முன்பக்கம் ஒரே நாடா. ஓர் இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். எழுத்துகளைச் சிவப்புத் துணியில் வெட்டி முதுகில் வைத்துத் தைத்தேன். தவுக்கே கடைப் பெயரைத் தமிழில் வெட்டி, அதன்கீழ் சீன எழுத்தையும் அவர் பலகையைப் பார்த்து அப்படியே வெட்டினேன். அவர் ஒவ்வொரு கோடாக விரலால் தடவிப் பார்த்து, "பாகுஸ்" என்றார். அந்த 'நன்று' எனக்குப் பரிசு வாங்கியதுபோல இருந்தது.

குழப்பம் வரக் கூடாதே என்று, எந்த வரிசையில் வெளியே தெரிய வேண்டுமோ அந்த வரிசையில் கழுத்துப்பட்டைக்குள் எண் போட்டேன். ஜவுளி ஒன்று. சோடா இரண்டு. தவுக்கே மூன்று.

எனக்குக் கிடைத்த கூலி

இவ்வளவும் சும்மா செய்தேனா? இல்லை. நானும் பொருளாகத்தான் கேட்டேன். தினம் விடியற்காலை குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த பாடாங் திடலில் ஐந்தாவது சைக்கிளை எனக்குத் தர வேண்டும்.

அண்ணன் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். "ஒரு ரவுண்டு. பாடாங்கத் தாண்டிப் போகக் கூடாது."

சேலையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொள்வேன். ஆண்கள் சைக்கிள், நடுவே குறுக்குத் தண்டு. திடலில் இருந்த பந்தாட்டக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன், ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். கம்பம் இல்லாமல் ஏறவோ இறங்கவோ தெரியாது. ஆனால் அந்த ஒரு சுற்று இருக்கிறதே! காது இரண்டிலும் காற்று நிரம்பும், புல்லின் ஈரம் காலில் தெறிக்கும், காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். தனியாக, வாய்விட்டு, பைத்தியம்போலச் சிரித்துக்கொண்டு சுற்றுவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் எனக்குக் கவலையில்லை. திங்கட்கிழமை தவுக்கே சைக்கிள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என் ஒரு சுற்றும் அதோடு போய்விடும். எனக்கு அந்த ஒரு சுற்று வேண்டும்.

மறுபடியும் மூன்றாங்கட்டை

அதனால்தான் அந்த நான்கு சட்டைகளையும் பார்த்து அப்படிக் கத்தினேன்.

நடந்தது இதுதான். ஐந்தாவது சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் முன்னாலேயே மூன்றாங்கட்டைக்கு வந்துவிட்டேன். பின்னால் வீட்டில் நான்கு ஆண்களும் தாங்களாகவே சட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒன்று என்று எழுதியதை முதலில் போட்டார்கள். அதன்மேல் இரண்டு. அதன்மேல் மூன்று. வெளியே தெரிய வேண்டிய வரிசையை, மகான்கள், உடுத்தும் வரிசை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே தவுக்கே பெயர் போட்ட சட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருந்து, முதலிலேயே கழன்று என் கையில் கிடக்கிறது. திரும்பி வரும்போது சோடாவைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஜவுளிக்கடை. தவுக்கே கூலி கொடுத்துக் கூட்டிவந்த படக்காரர் எடுக்கப்போவது ஜவுளிக்கடை விளம்பரம்!

கேப்டனுக்குப் பின்னால் ஓட்டிவந்த அண்ணன் மட்டும் முதல் கட்டையிலேயே அவர் முதுகைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தாராம். சொல்லத்தான் மூச்சில்லையாம்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அவர்கள் திரும்பி வந்ததும் நிறுத்திச் சட்டையை மாற்றச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். தூரத்தில் தெரிந்தார்கள். கேப்டன்தான் முதலில்! பின்னால் அண்ணனும் மற்ற இருவரும். அவர்களுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, எதிர்க்குழு.

சடக்கின் நடுவே போய் நின்று தவுக்கே சட்டையை ஆட்டினேன். "சட்டை! சட்டை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சட்டையைக் கழற்றத்தான் நினைவுபடுத்துகிறேன் என்று கேப்டன் எண்ணிக்கொண்டார். நாடாவை இழுத்து, சோடாவைக் கழற்றி, சரியாக என் தலைமேல் போட்டுவிட்டுப் பறந்தார். மற்ற மூவரும் அப்படியே. நான் தலையில் இருந்த சட்டையை இழுத்தெடுத்துப் பார்க்கும்போது, நான்கு முதுகுகளில் 'நல்லதம்பி ஜவுளி' பிரிக்பீல்ட்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"எஸ்தரு, வண்டியக் கட்டவா?" என்றார் மாட்டுவண்டிக்காரர்.

மாடு போய்ச் சேர்வதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். ஐந்தாவது சைக்கிளைப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். தவுக்கே சட்டைகளில் மூன்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான்காவதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரவிக்கைமேல் மாட்டி நாடாவை முடிந்துகொண்டேன். மைல் கல்லில் ஏறி நின்று, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

"அண்ணே, தள்ளி விடுங்க!"

தள்ளிவிட்டார்.

நிற்கத் தெரியாதவள்

மூன்று மைல். என் வாழ்க்கையில் பாடாங்கைத் தாண்டியதே இல்லை. இப்போது கிள்ளான் சடக்கு முழுவதும் என்னுடையது. முதலில் பயந்தேன். அரை மைலில் பயம் போய்விட்டது. ஒரு சரிவில் சைக்கிள் தானாக ஓடியது. "ஆ!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். பாசாரில் காய்கறி விற்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் தன் சைக்கிளை ஓரங்கட்டி எனக்கு வழிவிட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைபோகிற அவசரத்தில் போகிறோம் என்பதே மறந்துவிட்டது.

முடிவுக்கோடு நல்லதம்பி முதலாளியின் கடைக்கு எதிரே. நான் போய்ச் சேரும்போது அங்கே பெரிய ரகளை. எங்கள் குழு ஜெயித்திருந்தது. கழுத்தில் மாலையோடு நால்வரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்க, முதலாளி, "எடுங்கய்யா படத்த! எடுங்க!" என்று குதிக்கிறார். காலையில் தன் பெயரைக் காணாமல் அவர் கடைவாசலில் நின்று போட்ட சத்தத்தை, வாழ்த்து என்று நினைத்துக் கேப்டன் கையாட்டிவிட்டுப் போனாராம். இப்போது மனிதருக்குக் கால் தரையில் இல்லை.

தவுக்கே தன் தொப்பியைக் கழற்றிப் படப்பெட்டியின் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "எடுக்காதே! நான் காசு குடுக்குது. இது என் பேரு இல்லே!"

அந்த நேரத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது? கம்பத்தைக் காணோம்!

வேறு வழியில்லாமல் அவர்களைச் சுற்றினேன். தவுக்கே, முதலாளி, படக்காரர், மாலை போட்ட நால்வர், எல்லாரையும் நடுவில் வைத்து ஒரு சுற்று. "அண்ணே, புடிங்க!" என்று கத்தியபடி இரண்டாவது சுற்று. அண்ணன் வாயைப் பிளந்தவர் மூடவில்லை. மூன்றாவது சுற்றில் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. "பொண்ணு ஓட்டுதுடா!" என்று யாரோ கூவினார்கள். ஆ ஹெங் கடை, ஆ ஹெங் கடை என்று சிலர் என் முதுகைச் சத்தமாகப் படித்தார்கள்.

கடைசியில் ஜவுளிக்கடை வாசலில் ஒரு தூண் கண்ணில் பட்டது. நேரே போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சைக்கிள் கீழே சரிந்தது. நான் தூணை விடவில்லை. மூச்சு இரைக்கிறது, சிரிப்பும் நிற்கவில்லை, முகத்தைத் திருப்ப வெட்கம்.

பின்னால் தவுக்கேயின் குரல் கேட்டது. தொப்பியை எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

"இப்போ எடு! சீக்கிரம் எடு லா!"

இப்படித்தான் என் முதல் புகைப்படம் எடுக்கப்பட்டது. அதில் என் முகம் இல்லை. நல்லதம்பி ஜவுளிக்கடைத் தூணைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. அதில் ஆ ஹெங் சைக்கிள் கடை, எழுத்தெல்லாம் துலக்கமாக.

அந்தப் படம் வெகுகாலம் தவுக்கே கடையில் தொங்கியது. யாரோ அடங்காப்பிடாரிப் பெண் என்று சர்ச்சில்கூடப் பேசிக்கொண்டார்கள். அம்மா ஒருநாள் அந்தப் பக்கம் போய்ப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்து, "அடுத்த வாட்டி முந்திய நல்லா சொருகிக்க. சங்கிலியில மாட்டிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை

அன்று என்னைப் படம் எடுத்த கையோடு, நான் இடுப்பில் கட்டிவந்த மூன்று சட்டைகளையும் கேப்டன் அவசர அவசரமாக வாங்கி, ஒன்றை மாலைக்குமேல் மாட்டிக்கொண்டு நின்றார். "தவுக்கே, எங்களையும் ஒண்ணு எடுங்க" என்றார். தவுக்கே திரும்பியே பார்க்கவில்லை.

சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமை கைவண்டியோடு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். நான்கு ஆண்களும் வரிசையாக நின்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்றபடி, அவர் ஒவ்வொரு சைக்கிளாக ஏற்றுவதைப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவதன் இருக்கையைத் தன் சட்டைக்கையால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார்.

"தவுக்கே, ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார் அண்ணன் தயங்கியபடி.

"விட்டுப் போகலே. அது பொண்ணுக்கு. சனிக்கெழமே காலையிலே அந்தச் சட்டை போட்டு, பாசார் பக்கம் ஓட்டணும். ஒரு வருஷம்."

கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. "ஜெயிச்சது நாங்க தவுக்கே!"

"ஆமாம் லா, நீங்க ஜெயிச்சது. நீங்க ஓட்டினா யாரு முதுகே பார்க்கும்? அது ஓட்டினா ஊரே படிக்கும்." கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார். "இன்னும் நிறுத்தப் பழகணும்."

அவர் போனதும் முற்றம் வெறிச்சென்று ஆனது. கேப்டன் வெற்றிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நான் ஓடிப்போய் என் சைக்கிள் மணியை அடித்தேன். சும்மா ஒருதரம். அப்புறம் இன்னும் நான்கைந்து தரம். சந்தோஷத்தில் அழுகைகூட வந்துவிட்டது.

அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். கைப்பிடியைத் தொட்டார். டயரை அழுத்திப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எஸ்தரு... நாளைக்கிக் காலையில வண்டிய கொஞ்சம் தாறியா?"

யோசிப்பதுபோலப் பாவனை செய்தேன். கேப்டனும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஒரு ரவுண்டு" என்றேன். "பாடாங்கத் தாண்டிப் போகக் கூடாது."